இத்தா அறையில் சீமெண்ணெய்

எங்கள் ஊருக்குப் பட்டணம் என்று பேர். நாலு தெருவுக்கு அந்தப் பேர் கொஞ்சம் அதிகம்தான். தேவிபட்டினத்துக்குத் தெற்கே கடலோரமாக நடந்தால் வரும். சுதந்திரம் வந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்தது. கரண்டு கம்பி ராமநாதபுரத்தோடு நின்றுபோயிருந்தது. பொழுது விழுந்தால் ஊர் முழுக்க வெளிச்சம் போக வேண்டியது ஒரே வீட்டிலிருந்துதான். அது ஹமீது சுல்தான் வீடு. அவர் சீமெண்ணெய்க் கம்பெனியின் ஏஜெண்டு.

ஏஜெண்டு என்றதும் பெரிய கடையாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளா. கம்பெனி எங்கோ சீமையில் இருந்தது. எண்ணெய் கப்பலில் வரும், டின்னில் அடைபட்டு ரயிலில் வரும், ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் எங்கள் ஊருக்கு வரும். வந்து இறங்குகிற இடம் ஒரு வீட்டு முன்கூடம். கதவுக்கு மேலே ஒரு தகரப் பலகை, உள்ளே ஒரு நாற்காலி, அவ்வளவுதான் ஏஜென்சி. நாற்காலியில் ஹமீது சுல்தான் உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து கேட்டால் உள்பக்கம் திரும்பி, "ரெண்டு போத்தல்" என்பார். கதவு இடுக்கு வழியாக இரண்டு போத்தல் வெளியே வரும்.

அதை நீட்டுகிற கை ஜுனைதாவினுடையது. அவர் பெண்சாதி. டின்னை உடைப்பது, புனல் வைத்து ஊற்றுவது, சிந்தாமல் தக்கை அடைப்பது, காலி டின்னைத் துடைத்து அடுக்குவது எல்லாம் அவள். முன்தெருவில் வந்து வாங்கிப் போகிற ஆண்கள் அவள் கையைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

ஆனால் பின்பக்கம் அவளை எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் முன்தெரு ஆண்கள் நடக்க. வீடுகளின் பின்னால் ஓடுகிற முடுக்கு பெண்கள் நடக்க. முடுக்கில் ஆண் கால் படாது. புருஷன் கொழும்பில் இருக்கிற பெண்கள் பாதிப்பேர். கடைக்கு அனுப்ப வீட்டில் ஆள் இருக்காது. அவர்கள் போத்தலைத் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு முடுக்கு வழியாக ஜுனைதாவின் கொல்லைக் கதவுக்கு வருவார்கள். கையில் காசும் இருக்காது. முடைந்த ஓலைப்பெட்டி இருக்கும். கருவாடும் கருப்பட்டியும் கட்டி அனுப்ப அந்தப் பெட்டிதான் அப்போது. பெட்டியைக் கொடுத்து எண்ணெயை வாங்கிப் போவார்கள். பெட்டிகள் ஜுனைதா வீட்டில் சேர்ந்து, வாரச் சந்தைக்கு முந்தினநாள் யாவாரி வண்டியில் ஏறும்.

பகலில் எந்தப் பெண்ணுக்குப் பெட்டி முடைய நேரம்? அடுப்பு, தண்ணீர், பிள்ளை. அந்தி மஃரிபு தொழுகை முடிந்து ஒரு விளக்கைச் சுற்றி நாலுபேர் உட்கார்ந்தால்தான் ஓலை கையில் ஏறும். விளக்கு எரிய எண்ணெய், எண்ணெய் வாங்கப் பெட்டி, பெட்டி முடைய விளக்கு. இப்படித்தான் எங்கள் முடுக்கு சுற்றிக்கொண்டிருந்தது. காலி டின்னுக்கும் ஆள் உண்டு. கடலாடிப் பக்கத்திலிருந்து பூமயில் என்றொருத்தி வருவாள். அவள் புருஷன் மூக்கையா வீட்டிலேயே உட்கார்ந்து டின்னை வெட்டித் தகர விளக்குச் செய்கிறவன். டின்னைத் தலையில் அடுக்கிக்கொண்டு போகும்போது, "ஒங்க கம்பெனிக்காரன் எண்ணெய்க்குத்தான் வெல சொல்றான். நல்ல தகரத்தச் சும்மா குடுக்கான், கிறுக்குப் பய" என்று சிரிப்பாள்.

ஆவணியில் ஹமீது சுல்தான் சரக்கு எடுக்க ராமநாதபுரம் போனார். காய்ச்சலோடு திரும்பி வந்தார். அந்த வாரமே மவுத்தாகிவிட்டார்.

ஜுனைதா இத்தா உட்கார்ந்தாள். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. வெள்ளை உடுத்திக்கொண்டு ஓர் அறையில் இருக்க வேண்டும். மணக்கிற எதையும் தொடக்கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. பெண்கள் வரலாம், போகலாம், பேசலாம். ஆண் என்றால் தகப்பன், உடன்பிறந்தவன், மகன் மட்டும் வரலாம். ஜுனைதாவுக்கு இந்த மூன்றுபேரும் இல்லை. தொண்டியில் அவளைப் பெற்ற உம்மா, நோயாளி. மடியில் ஏழு வயது மகள் சல்மா.

புருஷனின் தம்பி ஒருவர் இருந்தார், ஹாஜா முகைதீன். கொழுந்தனும் அந்நியந்தான். கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றவர். ஊருக்கு வந்த இடத்தில், திரும்பிப் போக அந்த அரசாங்கம் பெர்மிட் கொடுக்கவில்லை. ஒரு வருஷமாகப் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணனை அடக்கிவிட்டு வந்த மறுநாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். யாராவது உட்கார வேண்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உட்கார்ந்த கையோடு ஒரு காரியம் செய்தார். யாவாரம் ஒரே வாசலில் நடக்க வேண்டும், பெட்டிக்கு எண்ணெய் கொடுப்பதெல்லாம் கம்பெனி முறை இல்லை என்று சொல்லி, கொல்லைக் கதவு விற்பனையை நிறுத்திவிட்டார். ஆண்பிள்ளை வந்து முன்வாசலில் வாங்கட்டும் என்றார். எந்த ஆண்பிள்ளை? அந்த வாரம் முழுக்க எங்கள் முடுக்கு இருட்டிக்கிடந்தது. பெண்கள் நிலா வெளிச்சத்தில் முடைந்து பார்த்தார்கள். ஓலை கையைக் கிழித்தது. சந்தைக்கு முந்தினநாள் வந்த யாவாரி வண்டி பாதி காலியாகத் திரும்பிப் போனது.

அதில் மிகவும் அடிபட்டது ஹாஜா முகைதீனின் பெண்சாதி ஹமீதா பானுதான். முடுக்கிலேயே வேகமாக முடைகிறவள் அவள். புருஷன் தூணில் சாய்ந்திருந்த ஒரு வருஷமும் அந்த வீட்டில் உலை கொதித்தது அவள் பெட்டியால். அன்றைக்கு அவள் புருஷனிடம் சத்தம் போடவில்லை. சோற்றுச் சட்டியை அவர் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒங்க கம்பெனி முறைய அவிச்சுத் திங்கலாம்" என்று சொன்னாளாம். மறுநாள் கொல்லைக் கதவு திறந்துகொண்டது.

ஆனால் ஊர் வேறொன்று பேசத் தொடங்கியிருந்தது. விதவை இருக்கிற வீட்டில் கொழுந்தன் பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கிறானே என்று. ஜமாஅத் பெரியவர் அப்துல் அஜீஸ் மரைக்காயர் நேரிலேயே வந்தார். முன்கூடத்தில் நின்று, எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். இத்தா முடியும்வரை எந்த ஆணும் நடுவாசல்படியைத் தாண்டக் கூடாது. அந்தப் பெண்ணின் குரலும் அந்நிய ஆண் காதில் விழக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஹமீதா பானு நடுவில் நின்று சொல்லட்டும். ஹாஜா முகைதீனுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஜுனைதாவுக்கு, இருந்த ஒரு சன்னலையும் சாத்தியதுபோல இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டின்கள் இருந்த கொல்லைக் கொட்டகை ஒழுகியது. டின்னில் துரு ஏறி ஓட்டை விழுந்தால் எண்ணெய் போய்விடும். ஹாஜா முகைதீன் சரக்கை எல்லாம் தன் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். ஜுனைதாவுக்கு மனசு கேட்கவில்லை. சரக்கு படியிறங்கிப் போனால் பிறகு எது தன்னிடம் இருக்கும் என்று நினைத்தாள். தான் இருக்கிற உள்ளறையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று பதில் சொன்னாள். முடுக்குப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிவந்து சுவரோரம் அடுக்கினார்கள்.

"அதுவும் நல்லதுதான். உள்ளேயே இருந்தாப் பத்திரம்" என்றார் ஹாஜா முகைதீன். இதை அவர் வாயாலேயே சொன்னார்.

அப்புறம் அந்த அறை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு சன்னல், அதுவும் மழைக்குச் சாத்தியிருக்கும். சுவர் உயரத்துக்கு டின். அந்த அறையில் விளக்கு ஏற்றக் கூடாது; ஒரு பொறி பட்டால் முடிந்தது. கூடத்தில் பெண்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து முடைவார்கள், பேசுவார்கள். ஊருக்கே எண்ணெய் ஊற்றுகிறவள் உள்ளே இருட்டில் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சோற்றைப் பிசைந்தால் சீமெண்ணெய் வாடை. தொழுகைக்குத் தலை குனிந்தால் தரையிலிருந்து வாடை. சல்மாவுக்கு நெஞ்சு அடைத்து இருமல் வந்துவிட்டது. பிள்ளையை ஹமீதா பானு தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டாள். முதல்நாள் அழுதுகொண்டு போன பிள்ளை, நாலைந்து நாளில் சிரித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. ஜுனைதாவுக்கு அழுகை வந்தது, பிள்ளை சிரித்ததைப் பார்த்துத்தான்.

ஒருநாள் பூமயில் காலி டின்னுக்கு வந்தவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். ராமநாதபுரத்தில் கம்பெனி ஆபிசர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறாராம். ஒவ்வொரு ஊராகப் போய், செத்துப்போனவர்கள் பேரில் இருக்கிற ஏஜென்சியை எல்லாம் வேறு பேருக்கு மாற்றி எழுதுகிறாராம். அடுத்த வாரம் இங்கே.

இந்த ஏஜென்சியை விட்டால் ஜுனைதாவுக்கு வேறு எதுவும் கிடையாது. அது தன் பேருக்கு வர வேண்டும். அவள் ஹமீதா பானு மூலமாகக் கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினாள். என் பேரில் கேளுங்கள், வெளிவேலையை நீங்களே பாருங்கள் என்று. பதில் நடுவாசலுக்கு அந்தப்பக்கமிருந்தே வந்தது.

"பொம்பள பேருல எந்தக் கம்பெனி குடுக்கும் மதினி? என் பேருல இருந்தா என்ன? ஒங்களுக்கும் சல்மாவுக்கும் சோறு போடாம விட்டுருவேனா?"

கெட்ட எண்ணத்தோடு சொன்ன வார்த்தை இல்லை அது. அதனால்தான் அது அவளை அப்படி அழுத்தியது. இத்தனை வருஷம் போத்தல் போத்தலாக ஊற்றிய கைக்கு இனிமேல் யாரோ சோறு போடுவார்கள். போடுகிறவர் நல்லவர், நல்லபடியாகவே போடுவார். எத்தனை நாளைக்கு என்று கேட்கக்கூட முடியாது.

ஆபிசரிடம் கதவுக்குப் பின்னால் நின்று நானே ஒரு வார்த்தை பேசலாமா என்று பெரியவர் வீட்டுக்குக் கேட்டு அனுப்பினாள். கூடாது என்று வந்தது. சொல்ல வேண்டியதை ஹாஜாவிடம் சொல்லி அனுப்பட்டும், அவர் சொல்லுவார். யாருக்கு எதிராகப் பேச வேண்டுமோ அவர் வாயாலேயே பேச வேண்டும் என்றால் என்ன செய்வது? ஜுனைதா அப்புறம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஜீப் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். ஆபிசர் பேர் சேதுராமன். மதுரையிலிருந்து வந்தவர். தண்ணீரில் நனைந்த பூட்சை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்த முடுக்குப் பெண்கள், மரியாதை தெரிந்த மனுஷன் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் பின்வழியாக வந்து கூடத்தில் ஓலையோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்கூடத்தில் ஹாஜா முகைதீன், பெரியவர் அப்துல் அஜீஸ், ஆபிசர். நடுவாசல் கதவு ஒருக்களித்திருந்தது.

ஆபிசர் இறந்துபோனவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னார். ஏஜென்சியைத் தம்பி பேருக்கு மாற்ற அவர் மனைவிக்குச் சம்மதமா என்று கேட்டார்.

ஹாஜா முகைதீன் கதவைப் பார்த்தார். உள்ளே சத்தம் இல்லை. பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் சமயத்தில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம் என்று ஆபிசருக்கு விளக்கினார். இது நிக்காஹ் இல்லையே என்று ஆபிசர் சொன்னாராம். சொன்னாலும், எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். ஜுனைதா உள்ளறையில் டின்னோடு டின்னாகச் சாய்ந்து நின்றிருந்தாள். வாயைத் திறந்தால் நாளைக்கு ஊர் முழுக்கப் பேச்சு. இத்தாவில் குரல் கொடுத்த பெண்ணின் மகளை யார் எடுப்பார்கள்? திறக்காவிட்டால் இதோ பேனா.

அப்போது ஆபிசர் எழுந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சரக்கை என் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும், எங்கே இருக்கிறது என்று கேட்டார்.



"உள்ள இருக்கு" என்றார் ஹாஜா முகைதீன்.

"போகலாமா?"

ஹாஜா முகைதீன் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் நடுவாசல்படியைப் பார்த்தார். ஆபிசருக்கு விஷயத்தைச் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சநேரம் ஆனது. அந்தம்மா வேறு அறைக்குப் போயிருந்தால் நான் சட்டென்று எண்ணிவிட்டு வந்துவிடுவேனே என்றார் ஆபிசர். இத்தா உட்கார்ந்த இடத்தை மாற்றும் வழக்கம் இல்லை என்றார் பெரியவர். அது மட்டுமல்ல, படியைத் தாண்டக் கூடாது என்று நாலுபேர் கேட்கத் தானே சொன்ன சொல். முந்தின மாதம் சொன்னதை இன்றைக்கு ஒரு ஜீப்பு வந்ததற்காக எப்படி மாற்றுவது? அவர் முகம் சங்கடத்தில் சிவந்துபோனது. நீ எதுக்கு உள்ளே வைக்கவிட்டாய் என்று ஹாஜா முகைதீனைக் கடிந்துகொண்டார். "நீங்க எதுக்கு மாமா படிய அடச்சீங்க?" என்று ஹாஜா முணுமுணுத்தார்.

ஜுனைதாவுக்கும் அந்த நிமிஷம்தான் புரிந்தது. தன்னை உள்ளே வைத்துப் பூட்டிய பூட்டு, எண்ணெயையும் வைத்துப் பூட்டியிருக்கிறது.

ஆனால் ஆபிசர் கெட்டிக்காரர். பெண்கள் போகலாம் அல்லவா, அவர்கள் டின்னை எடுத்துவந்து இங்கே வைக்கட்டும், நான் எண்ணிக்கொள்கிறேன் என்றார். பெரியவருக்கு மூச்சு வந்தது. ஹாஜா முகைதீன் கதவருகே போய், "ஏ ஹமீதா, டின்ன எல்லாம் எடுத்து இங்கன வையிங்க" என்றார்.

ஹமீதா பானு ஓலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளறைக்குள் போனாள். மற்றப் பெண்களும் வாசலில் வந்து நின்றார்கள். இருட்டில் ஜுனைதாவின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

ஜுனைதா கெஞ்சவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. உயர்த்தினால் முன்கூடத்துக்குக் கேட்கும்.

"தூக்கு ஹமீதா. நான் தடுக்கமாட்டேன். ஒனக்கும் மூணு புள்ள இருக்கு. ஆனா இது அந்தப் படியத் தாண்டிப் போச்சுன்னா, நாளைக்கு நீயும் நானும் ஒரே கதவுக்குப் பின்னாலதான் நிக்கணும், அரைப்போத்தலுக்கு. கொல்லைக் கதவு சாத்திக்கிடந்த ஒரு வாரம் நின்னு பாத்தியே."

ஹமீதா பானு மேலடுக்கில் இருந்த ஒரு டின்னை இரண்டு கையாலும் பிடித்தாள். இறக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி நடுவாசல்வரை வந்தாள். படிக்கு இந்தப்பக்கமே பொத்தென்று வைத்தாள்.

"கனக்குது" என்றாள்.

அந்தப்பக்கம் ஹாஜா முகைதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னது?"

"கனக்குதுங்க. எனக்கு ஏலல." அப்படியே படியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு யாராவது வரட்டும் என்றார் அவர். முடுக்கில் குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற பெண் ஒருத்தி வந்து டின்னைத் தொட்டுப் பார்த்தாள். கனக்குது என்றாள். அடுத்தவளும் வந்தாள். அவளுக்கும் கனத்தது. ஒருத்திக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி என்றாள், அவள் புருஷன் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது பெரியவருக்கும் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார். கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"இந்த டின்ன எல்லாம் உள்ள தூக்கிட்டுப் போனது யாரு?" என்று ஆபிசர் கேட்டார்.

கூடத்தில் எல்லாரும் ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆபிசர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அவர் சிரித்தாரா என்று தெரியாது. குனிந்து பூட்சை மாட்டிக்கொண்டிருந்தார். சரக்கை எண்ணாமல் பேரை மாற்ற முடியாது, இந்த இத்தா எப்போது முடிகிறதோ அதற்கப்புறம் வருகிறேன், அதுவரை பழைய பேரிலேயே ஓடட்டும் என்றார். போகும்போது கதவைப் பார்த்துச் சத்தமாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, அதுவரைக்கும் ஒவ்வொரு டின்னுக்கும் நீங்கதான் ஜவாப்தாரி. அந்த அறையைவிட்டு நகரக் கூடாது."

நகர எங்கே இடம்? அன்றைக்கு இருந்து மார்கழி வரைக்கும் ஜுனைதா அந்த இருட்டில்தான் இருந்தாள். முன்னே இத்தாவுக்காக இருந்தாள், இப்போது சரக்குக்காகவும். கார்த்திகைப் புயல்காற்றில் ஓடு பறந்தபோது பெண்கள் எல்லாரும் ஹமீதா பானு வீட்டுக்கு ஓடினார்கள். ஜுனைதா டின்களின்மேல் தார்பாயைப் போட்டு, அதன்மேல் தானே படுத்துக்கொண்டாள். ஹாஜா முகைதீன் வீட்டில் கொஞ்சநாள் பேச்சு நின்றுபோயிருந்தது என்று கேள்வி. ஆனாலும் ஹமீதா பானு பொழுது சாய்ந்தால் ஓலையோடு வந்துவிடுவாள். டின் கனத்ததைப் பற்றி அவளும் ஜுனைதாவும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இத்தா முடிந்தது. பெண்கள் வந்து ஜுனைதாவைக் குளிப்பாட்டி, நிறமுள்ள சேலை உடுத்திவிட்டார்கள். எத்தனை தரம் சீயக்காய் போட்டாலும் தலைமுடியிலிருந்து அந்த வாடை போகவில்லை. தையில் ஆபிசர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஜுனைதா அடுப்படிக்குப் போய்விட்டாள்; அவர் உள்ளறைக்குள் போய் எண்ணினார். கணக்குக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு ஜுனைதா நடுவாசல் கதவுக்குப் பின்னால் வந்து நின்று, தன் குரலிலேயே பேசினாள். பெரியவர் அன்றைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை.

"ஏஜென்சி என் பேருல வேணும்."

ஆபிசர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பெண் பேரில் எழுதினால் மேலே கேள்வி கேட்பார்கள் என்றார். ஸ்டேஷனுக்கு யார் போவது, வண்டிக்காரனோடு யார் பேசுவது என்று கேட்டார். ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றாள். கடைசியில், சரக்கு வீட்டுக்குள் இருப்பதால் ஏஜெண்டு வீட்டில் இருந்தே ஆக வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போவதெல்லாம் கூடாது, சம்மதமா என்றார்.

"போகமாட்டேன்" என்றாள் ஜுனைதா. கேட்டு முடிக்கும் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

பலகையில் அவள் பேர் ஏறவில்லை. கம்பெனி பேர் மட்டும்தான் முன்னே இருந்தபடி இருந்தது. ஆனால் காகிதத்தில் அவள் பேர். அவள்தான் ஏஜெண்டு. எங்கள் முடுக்கு அன்றைக்குப் பாயசம் காய்ச்சியது.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மாசியில் தொண்டியில் அவள் உம்மாவுக்கு முடியாமல் போனது. ஆள் வந்து சொன்ன அன்று காலையில்தான் வண்டி வந்து சரக்கு இறங்கியிருந்தது. டின்களை அடுக்காமல் கிளம்ப முடியாது. கிளம்பினால் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மறுநாள் ஹமீதா பானுவை உட்கார்த்திவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, உம்மாவை அடக்கிவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டாள். யாரும் கம்பெனிக்கு எழுதிப்போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை.

ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றாளே, அந்த ஆள் யார் என்று கேட்பீர்கள். ஹாஜா முகைதீன்தான். அவரைவிட்டால் வேறு யார்? அவருக்கும் பிழைக்க வேண்டும். ஜுனைதாதான் ஹமீதா பானுவிடம் சொல்லி அனுப்பினாள். அவர் இரண்டு நாள் வீம்பாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியூர்க்காரர்கள் அதை ஹாஜா கடை என்பார்கள். கொழும்பு பெர்மிட் ஒரு தடவை வரப் பார்த்தது. அதற்குள் அவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது, நாற்காலியைவிட்டு எழுந்து போகவில்லை.

சல்மாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் மத்தியானம் நான் கூடத்தில் ஓலை வாரிக்கொண்டிருந்தேன். முன்கூடத்தில் யாரோ எண்ணெய் கேட்டார்கள்.

"மதினி, ரெண்டு போத்தல்" என்றார் ஹாஜா முகைதீன்.

ஜுனைதா புனலை வைத்து ஊற்றினாள். கதவு இடுக்கு வழியாக நீட்டினாள். போத்தலை வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்தவர் போனதும், ஹாஜா முகைதீன் கதவுப்பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எத்தன வருசம் மதினி, நீங்க அங்கனயும் நான் இங்கனயுமா?"

"இருக்குற டின்னு தீரட்டும் தம்பி."

"தீருறதுக்குள்ள அடுத்த வண்டி வந்துருதே."

"ஆமா" என்றாள் ஜுனைதா. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, அடுத்த டின்னை உடைக்க உள்ளே போனாள்.